தபாலுக்கு ஐயா சோறு தீத்திய நாட்கள்

சிவப்புச் சவர்க்காரத்தின் மணம் எங்கேனும் எழுந்தால் இன்றைக்கும் என் வலது கெண்டைக்கால் தானாகவே குளிர்ந்துபோகும். ஒன்பது வயதில் என்னைக் கிணற்றடியில் இருத்தி, நாய் கடித்த இடத்தில் அம்மா நுரைக்க நுரைக்கத் தேய்த்த சவர்க்காரத்தின் மணம் அது. எரிவு தாங்காமல் குழறி அழுகிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எரிவில்லை, பயம். "எந்த நாய் கடிச்சது?" என்று கேட்டபடி ஐயா பக்கத்தில் நின்றார்.

கடித்தது அடுத்த வளவு மனேச்சரின் நாய். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்ற அவருக்கும் எங்கள் ஐயாவுக்கும் வேலி எல்லையால் வந்த பகை. கிளுவை வேலியில் ஆள் நுழையுமளவு இருந்த ஒரு "பொட்டு" வழியே புகுந்து அவருடைய ஜம்பு மரத்தடியில் நான் பழம் பொறுக்குவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "உந்த வளவுக்குள்ள கால் வைச்சியோ, முறிப்பன்" என்று ஐயா சொன்னது சும்மா பேச்சுமல்ல. அதே வேலிக்காக அவர் இரும்பு அலவாங்கோடு போய் நின்றதை நான் கண்ணால் கண்டவள். ஆகவே, தபால்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி ஓடித் "தபால்" என்றே பெயரெடுத்த தெருவொழுங்கைக் கிழட்டு நாயைக் கைகாட்டிவிட்டேன். அப்போதும் அது வாலை ஆட்டிக்கொண்டுதான் நின்றது.

சித்தப்பா உலக்கையோடு பாய்ந்தார். யாருடையவோ பசுவுக்கு ஊசி போட வந்திருந்த எஸ்தர் அக்கா, மோட்டார் சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடிவந்து தபாலுக்கு முன்னால் நின்றார். வட்டுக்கோட்டைப் பக்கத்து வேதக்காரக் குடும்பத்துப் பெண். எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த "மாட்டு டொக்டர்".

"அண்ணை, உலக்கையைக் கீழை வையுங்கோ. உதை அடிச்சுச் சாக்காட்டினால் விசரோ இல்லையோ எண்டு பிறகு எதைப் பாத்துச் சொல்லுறது? கட்டி வைச்சுப் பத்து நாள் பாப்பம். நாய் உயிரோடை இருந்தால் பிள்ளைக்கு ஒண்டுமில்லை."

சண்டையால் ஊருக்குள் வரும் பாதை பூட்டி, மருந்தும் வராமல் கிடந்த காலம். ஆஸ்பத்திரியில் இருந்த சொற்ப விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் கடித்த நாய் செத்தவர்களுக்கும், அது ஓடிப்போனவர்களுக்குமே போதாமல் இருந்தது. நாய்தான் கையில் இருக்கிறதே, அதில் மாற்றம் கண்டால் உடனே வாருங்கள் என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். தபால் பிழைத்தால் நானும் பிழைப்பேன் என்று ஊரே நம்பியது. தபால் பிழைப்பதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மருதனார்மடத்தடியில் எஸ்தர் அக்காவின் வாடகை வீட்டு வேம்பில் தபாலைக் கட்டினார்கள். ஒவ்வொரு பின்னேரமும் ஐயா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் போவார். நாயைக் கண்டால் கல்லெடுக்கிற மனிதர், சோறும் மீன்குழம்பும் குழைத்துக் கொண்டுபோய், அதற்கு முன்னால் குந்தியிருந்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல உருண்டை பிடித்துத் "தீத்துவார்".

"சாப்பிடடா ராசா. நீ இருந்தால்தான்ரா என்ரை பிள்ளை இருக்கும்."

ஐயோ, இது இல்லை ஐயா, இது இல்லை என்று தொண்டை வரைக்கும் வரும். அலவாங்கு நினைவுக்கு வந்ததும் விழுங்கிவிடுவேன்.

"விசர் ஏறினால் தண்ணியைக் கண்டு பயப்பிடுவினம், நாய் மாதிரிக் குரைப்பினம்" என்று மாமி சொல்லியிருந்தார். காலையில் எழும்பியதும் வாளித் தண்ணீரை எட்டிப் பார்ப்பேன். நெஞ்சு இடிக்கும். தண்ணீருக்குப் பயப்படுகிறேனா, பயப்பட்டுவிடுவேனோ என்று பயப்படுகிறேனா என்று பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடும்போது, குரல் குரைப்பாக வந்துவிடுமோ என்று வாயை மட்டும் அசைத்தேன்.

நாலாம் நாள் எஸ்தர் அக்கா தபாலின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு என் காலைத் தூக்கிப் பார்த்தார். காலில் நாலு ஆழமான ஓட்டைகள். தபாலின் மேல்வாயில் கூர்ப்பல் இரண்டுமே இல்லை. ஐயாவைப் பாண் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டு, "பிள்ளை, எது கடிச்சது? என்னட்டைச் சொல்லு" என்றார். சொன்னேன். "ஐயாவுக்குச் சொல்லாதேங்கோ அக்கா" என்று காலைக் கட்டிக்கொண்டேன். "சொல்ல மாட்டன். இப்ப அழாதை" என்றார்.

அன்றே அவர் மனேச்சர் வீட்டுக்குப் போனார். அந்த நாய் இரண்டு நாளாக ஒன்றும் தின்னாமல், வாயால் வீணீர் வடியக் கிடந்து, அன்று காலைதான் செத்ததாம். எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரியில் ஆரோடு கதைத்தாரோ, இருட்டுவதற்குள் எனக்கும் மனேச்சர் வீட்டாருக்கும் முதல் ஊசி போட்டாயிற்று. "மருந்து கிடைச்சிட்டுது அண்ணை, இனிக் காத்திருக்கத் தேவையில்லை" என்று மட்டும் ஐயாவுக்குச் சொன்னார். மனேச்சரோடு பேச்சுவார்த்தை இல்லாத ஐயாவுக்கு மற்றது எட்டவேயில்லை.

நான் தப்பினேன். தபாலின் பெயர் தப்பவில்லை. பத்து நாளும் கழிந்து அது கல்லுப்போல இருந்தும், "கடிச்ச நாயை ஒழுங்கைக்குள்ள விடேலாது" என்று ஊர் சொல்லிவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. எஸ்தர் அக்காவும் எனக்குக் கொடுத்த வாக்கைக் காத்து, தபாலைத் தன்னோடேயே வைத்துக்கொண்டார். அதற்குத் துணையாக இன்னொரு நாய் வந்தது, பிறகு வாகனம் அடித்த குட்டிகள் வந்தன, ஈற்றில் அந்த வளவே நாய்க் காப்பகமாயிற்று.

போன மாதம் அதன் இயக்குநர் பொறுப்பிலிருந்து எஸ்தர் அக்கா ஓய்வு பெற்றார். பிரியாவிடையில், "ஒரு கடிநாயோடு தொடங்கிய பணி" என்று ஒருவர் புகழ்ந்தார். சுவரில் தபாலின் படம். கீழே மட்டையில் "பிள்ளையைக் கடித்ததால் கொண்டுவரப்பட்டது" என்ற எழுத்து. அந்தப் பிள்ளை என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் தடியோடு ஐயா இருந்தார். மனேச்சர் இப்போது இல்லை, ஜம்பு மரமும் இல்லை, பொட்டு இருந்த வேலியில் மதில் எழும்பிவிட்டது. எனக்கோ அப்போதும் அலவாங்குதான் நினைவுக்கு வந்தது.

"தபால் என்னைக் கடிக்கேல்லை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

எஸ்தர் அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டார். ஐயா தடியை ஊன்றி எழும்பிப் படத்தடிக்குப் போய், சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து, அந்த எழுத்தைக் கோடுபோட்டு வெட்டினார்.

"பாவி" என்றார், என்னைப் பார்த்து. பிறகு படத்தைப் பார்த்து, "நான் கெஞ்சக் கெஞ்சச் சாப்பிட்டவனடி இவன்" என்றார்.