மச்சான் பிடித்த கயிறு

முப்பது வயதுவரை எனக்கு நாடி கிடையாது. ஆறு வயதில், கரையில் இழுத்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேலிருந்து குப்புற விழுந்தேன். நாடியில், அதாவது மோவாயில், பட்ட அடி ஆறிவிட்டது. ஆனால் காதோரம் இரண்டு பக்கமும் எலும்பு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. ஆள் வளர்ந்தேன், மீசை வளர்ந்தது, கீழ்த்தாடை மட்டும் ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. ரொட்டியை டீயில் ஊறவைத்து, சோற்றைக் குழைத்து உள்ளே தள்ளித்தான் வளர்ந்தேன். தூத்துக்குடித் தெருக்களில் எனக்கு எத்தனை பட்டப்பெயர்கள் இருந்தன என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அவ்வளவு தாராள மனசு எனக்கு இல்லை.

அதெல்லாம் பழகிவிட்டது. தூக்கம்தான் பழகவில்லை. என் குறட்டை பக்கத்து வீட்டுக்காரனை எழுப்பும். அதைவிட மோசம் குறட்டை நிற்பது. திடீரென்று நிற்குமாம், மூச்சும் கூடவே நிற்குமாம், பிறகு கடலுக்கடியிலிருந்து எழுந்தவனைப் போல ஒரு பெரிய இழுப்பு இழுப்பேனாம். இந்த 'மாம்' எல்லாம் என்னைக் கட்டியவள் சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பகல்தான். காலையில் எழும்போதே அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். பூசையில் முழங்காலில் நின்றபடியே தூங்குவேன். ஒருமுறை சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, நான் குறட்டையை முடிக்கட்டும் என்று காத்திருந்தார். கோயிலே சிரித்தது. சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன?

நான் சங்கு குளிக்கிறவன். எழுபதுகளின் நடுவில் முத்துக்குளிப்பு நின்றுபோய் வருஷங்கள் ஆகியிருந்தன. சங்கு இருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கல்லின் கனத்தில் கீழே போவோம். மேலே வள்ளத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழேயிருந்து இரண்டு இழுப்பு இழுத்தால் அவன் தூக்கிவிட வேண்டும். எங்கள் பக்கம் கயிறு பிடிக்க கண்ட கண்டவனை வைப்பதில்லை. பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைத்தான் வைப்போம். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? அண்ணன் தம்பியைக்கூட நம்பாதவர்கள் மச்சானை நம்பி முங்குவார்கள். நானும் அப்படித்தான் முங்கினேன்.

என் மச்சான் தருவைகுளத்துக்காரன். அதிகம் பேசமாட்டான். ஒருநாள் மத்தியானம் வள்ளம் கரை திரும்பும்போது, நான் வழக்கம்போல ஓரமாகச் சுருண்டு தூங்கியிருக்கிறேன். யாரோ மார்பில் ஓங்கி அடித்து எழுப்பினார்கள். பார்த்தால் மச்சான், முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, தண்ணிக்குள்ள ஒனக்கு எவ்வளவு தம் உண்டுன்னு எனக்குத் தெரியும். தூங்கையில அதைவிட ரொம்ப நேரம் மூச்சில்லாமக் கெடக்க. கீழ போனா இந்தக் கயிறு இருக்கு. இங்கன எதைப் பிடிச்சு ஒன்னைத் தூக்க?"

இதைத் தங்கச்சியிடமும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் பழைய சேலைக் கரையைக் கிழித்து, ஒரு முனையை என் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டுதான் படுப்பாள். என் சத்தம் நின்றால் இழுப்பாள். மாட்டைக் கட்டுவதுபோல என்னைக் கட்டுகிறாயா என்று சண்டைகூடப் போட்டேன். பாவி, அவளும் தூங்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கால் வீங்க ஆரம்பித்தது. உள்ளூர் டாக்டர் இதயம் களைத்துப்போகிறது என்றார், மெட்ராஸுக்குப் போகச் சொன்னார். மூன்று பேரும் ரயிலேறினோம். அங்கே, வெளிநாட்டில் படித்து வந்த ஒரு தாடை டாக்டர் என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். தாடை பின்னால் கிடப்பதால், தூங்கும்போது நாக்கு தொண்டையை அடைக்கிறது என்றார். இந்த வியாதிக்கு வெளிநாட்டிலேயே இப்போதுதான் பெயர் வைத்திருக்கிறார்களாம். பெயர் உங்களுக்கு எதற்கு என்று அவரே சொல்லிவிட்டார். இப்படியே விட்டால் அதிக நாள் தாங்காது என்பதை மட்டும் மறைக்காமல் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்கு. தொண்டையில ஒரு துளை போட்டு குழாய் வச்சிடலாம். தூங்கும்போது அது வழியா மூச்சு போகும். சின்ன ஆபரேஷன், நிச்சயமான பலன்."

"அதோட கடலுக்குப் போலாமா சார்?" என்று கேட்டேன்.

"கடற்கரைக்குப் போகலாம்."

இன்னொரு வழி தாடை. ஒட்டிய எலும்பை வெட்டி, விலாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்து, தாடையை முன்னால் இழுத்து, பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டிவிடுவது. விலா ஆறியபின் கடலுக்கும் போகலாம். ஆனால் முதலில் மயக்கம் கொடுக்க வேண்டும். என் வாய் திறக்காதே, அதனால் மூச்சுக்குழாயை மூக்கு வழியாக, கண்ணுக்குத் தெரியாமல், கைப்பழக்கத்தில்தான் இறக்க வேண்டுமாம்.

"எறங்கலைன்னா?" மச்சான் கேட்டான்.

"அவசரமாத் தொண்டையைத் திறப்போம். சில சமயம் அதுக்குள்ள ஆள் போயிடலாம். அதையும் தாண்டி, தாடையை இழுத்தா குறட்டை நின்னுடும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. தாடைதான் என்றேன். கழுத்தில் ஓட்டையோடு உப்பளத்தில் காவல் இருக்கவா பிறந்தேன்?

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" மச்சான் எழுந்துவிட்டான். "நிச்சயமாப் பொழைக்க வழி இருக்குங்கான். அதை விட்டுட்டு, போனாப் போகும் வந்தா வரும்ங்கத எடுக்கியே! சங்கு இல்லேன்னா சோறு எறங்காதா?"

"எறங்காது."

"ஏளா, நீ சொல்லு," என்று தங்கச்சியிடம் திரும்பினான். "ஒன் வாழ்க்கைதான். நீ சொல்லுததுதான் முடிவு."

அவள் துளை என்றுதான் சொல்வாள் என்று அவனுக்கு நிச்சயம். எனக்கும் நிச்சயம். அவள் சேலை முந்தியை முறுக்கிக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

"தாடையே செய்யட்டும்ணே," என்றாள். "கடலப் பாத்துட்டு, செத்த பொணமா இவுக வீட்டுல உக்காந்திருக்கத என்னால தெனமும் பாக்க முடியாது."

மச்சான் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இத்தனை வருஷம் நான் கயிறு பிடிச்சது இவனுக்காவ இல்ல, ஒனக்காவ. நீயே கைய விட்டுட்ட. இனிமே என் கையில கயிறு கெடையாது."

அன்று சாயங்கால வண்டியிலேயே ஊருக்குப் போய்விட்டான்.

ஆபரேஷன் மேசையில் படுத்திருந்தபோது, எனக்குச் சாவைவிட அவன் வெளியே இல்லை என்பதுதான் பயமாக இருந்தது. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. குழாய் இறங்கிவிட்டது. கண் விழித்தபோது வாய் பூட்டிக் கிடந்தது, விலாவில் தீ எரிந்தது. வாரக்கணக்கில் பல்லிடுக்கு வழியாகக் கஞ்சித் தண்ணீர். முதல்முறையாக நான் சத்தமில்லாமல் தூங்கியபோது, போய்விட்டேன் என்று நினைத்து இவள் என் கையைப் பிய்த்தெடுக்கிற மாதிரி இழுத்திருக்கிறாள். நர்ஸம்மா வந்து வைதபிறகுதான் விட்டாளாம்.

கம்பியை அவிழ்த்து ஊருக்கு வந்தபோது எனக்கு நாடி இருந்தது. சவரம் செய்யத் தெரியாமல் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். இவள் சிரித்தாள். "கெஞ்சுததுன்னாலும் பிடிச்சுக் கெஞ்ச இப்பத்தான் நாடி இருக்கு," என்று பிடித்து ஆட்டினாள். பகல் தூக்கச் சொக்கல் போயிற்று. கால் வீக்கம் வடிந்தது. சேலைக் கரைக்கு வேலை இல்லாமல் போய், அது குசினியில் சுடுபாத்திரம் பிடிக்கிற துணியாயிற்று.

மச்சான் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. இவள் ஒருமுறை தருவைகுளம் போய் வந்தாள். பை நிறைய மீன் கொடுத்தனுப்பியிருந்தான். என்னைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். சரி, கோபம் எத்தனை நாளைக்கு? பிழைத்து வந்துவிட்டேனே, இனி எதற்குக் கோபம்? தண்ணீர் தெளிந்து சங்குக் காலம் தொடங்கினால் தானாக வந்து நிற்பான் என்று நம்பினேன். வேறு ஆட்கள் கயிறு பிடிக்க வருகிறேன் என்றார்கள். ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சுப் பிடித்துப் பழகினேன். விலா குத்தும், பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன்.

காலம் தொடங்க ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் படுத்தவன் நன்றாகத் தூங்கிப்போனேன். எழுந்து முகம் கழுவ முற்றத்துக்கு வந்தால், குசினிச் சுவர் ஆணிக்கும் இளம் பூவரசு மரத்துக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் இவள் சேலையும் என் சட்டைகளும் சொட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கயிற்றை எனக்குத் தெரியாதா? மச்சான் கைப்பிடி பட்டுக் கறுத்த இடம்கூடத் தெரிந்தது.

"மச்சான் வந்தானா?"

"வந்திச்சு," என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. "நீங்க தூங்குதத பாத்துட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்திச்சு. மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாத்திச்சு. நல்லா மூச்சு விடுதான் ஏளான்னு சொல்லிச்சு. எழுப்பட்டான்னேன். வேண்டாம், தூங்கட்டும்னுடுச்சு."

"வேற?"

"நல்ல கயிறு, துணி காயப் போடுன்னு சொல்லிச்சு."

முன்பென்றால் மூச்சு நின்றதைப் பார்த்து அவனே மார்பில் அடித்து எழுப்பியிருப்பான். அந்தப் பாழாய்ப்போன நல்ல தூக்கம் அன்றைக்குத்தான் வர வேண்டுமா? பஸ் இன்னும் போயிருக்காது, ஓடுங்க என்றாள். நான் ஓடவில்லை. சட்டைகளுக்கு நடுவில் நின்று கயிற்றைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தேன். பூவரசு மரம்தான் ஆடியது.