கை வைக்காத குமிழ்

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழாத தப்புக்காக ஒருத்தி ஏன் தட்டில் போட்டதைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்? பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் கால் தரையில் பாவாமல் திரிந்துகொண்டிருந்த எனக்கு அன்றைக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. பிறகு அத்தையே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கேட்டதை எனக்குப் புரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வேலை, பயணிகள் விமானத்தில் துணை விமானி. அவளுடைய அண்ணன், அதாவது என் அப்பா, நகரப் பேருந்து ஓட்டுபவர். இருவரும் சாப்பிட உட்கார்ந்தால் சோறு ஆறிவிடும், பேச்சு ஆறாது.

"என் வண்டியில பாதிப் பேரு படியில தொங்குறான். உன் வண்டியில எல்லாரும் பெல்ட்டப் போட்டுட்டுக் குறட்டை விடுறான். யாரு வேல கஷ்டம், சொல்லு?"

"உன் வண்டி நடுவழியில நின்னா எறங்கித் தள்ளலாம் அண்ணே. என் வண்டி நின்னா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே அடுத்த கவளத்தை வாயில் போடுவார். அவளுடைய அம்மா, அதாவது என் பாட்டி மட்டும், "அபசகுனமாப் பேசாதடி" என்று மகளின் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

அந்தக் காலையில் அவளோடு பறந்தவர் கம்பெனியில் எல்லோரும் பெரியவர் என்று அழைக்கும் தலைமை விமானி. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. கடைசிப் பயணத்தில் மனைவியை முன் வரிசையில் உட்கார வைத்துப் பறக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த அம்மா அதுவரை அவர் ஓட்டிய விமானத்தில் ஏறியதே இல்லை. "வீட்டுல நீங்க ஸ்கூட்டர் ஓட்டுறத பாத்தவ நான்" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிடுவாராம். இந்த ஒரு தடவைக்கு மட்டும் சம்மதித்திருந்தார்.

"புதுப் புடவைகூட எடுத்து வச்சுட்டாம்மா. ஜன்னல் ஓரம் வேணாமாம், நடு சீட்டுதான் வேணுமாம்" என்று பெரியவர் அன்றும் சொல்லிச் சிரித்தார்.

வழியெல்லாம் மேகம். இறங்க வேண்டிய எங்கள் ஊரில் மழை பிடிக்கும்போல இருந்தது. ஓடுபாதைக்கு வழிகாட்டும் அலைக்கருவி அங்கே பழுதுபார்ப்பில் இருந்ததால், உயரமானியைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

உயரமானி தரையை அளப்பதில்லை. வெளியே உள்ள காற்றழுத்தத்தை அளந்து, அதை உயரமாக மாற்றிக் காட்டுகிறது. மழைநாளில் அழுத்தம் குறையும். அதனால் இறங்கும் இடத்தின் அன்றைய அழுத்தத்தைக் கட்டுப்பாட்டு அறை ஓர் எண்ணாகச் சொல்லும். விமானிகள் இருவரும் தத்தம் முன்னால் உள்ள சின்னக் குமிழைத் திருகி அந்த எண்ணை வைக்க வேண்டும். வைக்க மறந்தால், மழைநாளில் விமானம் தாழ்ந்திருக்கும். முள்ளோ இன்னும் மேலே இருப்பதாகக் காட்டும்.

கட்டுப்பாட்டு அறை எண்ணைச் சொன்னது. அவள் அதைத் தெளிவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு, இறங்குமுன் சரிபார்க்க வேண்டியவற்றை வாசிக்க ஆரம்பித்தாள். ஒருவர் வாசிக்க, இருவரும் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். உயரமானி என்ற வரிக்கு வரும்போது பின்னாலிருந்து அழைப்பு மணி அடித்தது.

"ஒரு அம்மா மயங்கிட்டாங்க. மூஞ்சியெல்லாம் வேர்க்குது" என்றாள் பணிப்பெண்.

"நீ பேசும்மா, நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்றார் பெரியவர்.

கீழே ஆம்புலன்ஸ் வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னாள். மயங்கியவருக்குக் காலை உயர்த்தி வைக்கச் சொன்னாள். எல்லாம் முடிந்து திரும்பியபோது பெரியவர் கேட்டார்:

"செக்லிஸ்ட் முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு சார்."

நடுவில் எது குறுக்கிட்டாலும் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பது விதி. அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் நூறு பயணங்களில் அந்த இடத்தில் சொல்லிப் பழகிய பதிலை வாய் தானாகவே சொல்லிவிட்டது. அவர் நம்பினார். இரண்டு குமிழ்களும் யாரும் கை வைக்காமல் இருந்தன. இரண்டு முட்களும் ஒரே பொய்யைச் சொன்னதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மேகத்துக்குள் இறங்கினார்கள். பார்வையை மறைத்த வெள்ளை சட்டென்று கிழிந்தது. ஓடுபாதை தெரிய வேண்டிய நேரத்தில் அவளுக்கு ஒரு மொட்டைமாடி தெரிந்தது. கொடியில் துணி. மழைக்கு முன்னால் அதை அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண். வாய் திறந்து, கையில் ஒரு பச்சைப் போர்வையோடு, அண்ணாந்து பார்த்த முகம். அந்த நொடியில் எச்சரிக்கைக் கருவி, தரை நெருங்குகிறது, மேலே ஏற்று என்று கத்தத் தொடங்கியது.

பெரியவர் யோசிக்கவில்லை. முழு வேகம் கொடுத்து மூக்கை மேலே தூக்கினார். மறுபடி மேகம். மேலே வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் குமிழைத் திருகினார்கள். இரண்டாவது முறை ஒழுங்காக இறங்கினார்கள். பின்னால் பயணிகள் கைதட்டினார்கள். மயங்கிய அம்மா தெளிந்து, தள்ளுநாற்காலியில் போகும்போது அவள் கையைப் பிடித்து, "நீ நல்லா இருக்கணும் கண்ணு" என்றார். அந்தக் கையை அவள் வெகுநேரம் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

விசாரணை வந்தது. விமானி அறையில் பேசியதைப் பதிவு செய்யும் கருவி பழையது. விமானத்தை நிறுத்திய பிறகும் மின்சாரத்தை அணைக்காமல் விட்டதால், பழைய பேச்சின் மேல் புதுப் பேச்சு ஏறிவிட்டது. போட்டுக் கேட்டால், துப்புரவு செய்தவர்கள் சீட்டில் சூயிங்கம் ஒட்டியவனின் பரம்பரையையே திட்டுவது மட்டும் கணீரென்று கேட்டதாம். அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

பெரியவர் அவளை வண்டி நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனார்.

"வண்டி என் கையில இருந்துச்சு. அவசரத்துல செக்லிஸ்ட் வேணாம்னு நான்தான் சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ ஆமான்னு மட்டும் சொல்லு."

"சார், நான்தானே..."

"எனக்கு இன்னும் நாலு மாசம். உனக்கு முப்பது வருஷம். கணக்கு தெரியாதா உனக்கு?"

"அம்மா புடவை எடுத்து வச்சிருக்காங்களே சார்."

அவர் கார்க் கதவைத் திறந்தார். "புடவைய வீட்டுலயும் கட்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் வேறு கூத்து. விமானியின் சாமர்த்தியத்தால் உயிர்கள் தப்பின என்று யாரோ செய்தித்தாளில் எழுதியிருந்ததைப் பாட்டி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர் வீட்டுக்காரர் கைகுலுக்க வந்தார். அவள் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள்.

அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"பெரிய மனுஷன் சுமக்கறேங்கிறாரு. சுமக்கட்டுமே. பொல்லாத வாயி, ஊருக்கெல்லாம் பேசுவ, இங்க கொஞ்சம் மூடிட்டு இரேன்."

"பேச வேண்டாத எடத்துல பேசினதாலதானே அண்ணே இப்படி ஆச்சு."

"அதான் சொல்றேன், இப்பவும் பேசாத."

மறுநாள் பேருந்து பிடித்து, விமானம் இறங்கும் பாதைக்கு அடியில் இருக்கும் குடியிருப்புக்குப் போனாள். பச்சைப் போர்வையைத் தேடி, சந்து சந்தாகக் கழுத்து வலிக்க அண்ணாந்து நடந்தாள். ஒரு மாடிக் கைப்பிடிச் சுவரில் அது தொங்கியது. வாடகைக்கு வீடு பார்ப்பவள்போலப் பேச்சுக் கொடுத்தாள்.

"வீடு காலியா இருக்கு, ஆனா சத்தம் தாங்குவியாம்மா?" என்றாள் அந்தப் பெண். "போன வாரம் ஒண்ணு வந்துச்சு பாரு, சக்கரத்த எண்ணலாம். இது என் தலையிலதான் எறங்குதுன்னு நெனச்சேன். என் சின்னவன் அன்னிலேருந்து மாடிப்படியில காலே வைக்கறதில்ல. சத்தம் கேட்டாக் கட்டிலுக்கு அடியில போயிடறான்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்று இவள் வாய் சொன்னது.

அந்தப் பெண் ஒருமாதிரிப் பார்த்தாள். "நீ கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்திருந்தாத் தெரியும்."

கீறல் விழவில்லை என்று வீட்டில் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் அவளைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்தது.

விசாரணை அறையில் நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், எதிரே மூன்று பேர். "செக்லிஸ்ட் வேண்டாம்னு தலைமை விமானி சொன்னாரா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் பெரியவர் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால் அவளுடைய வேலை தப்பும்; அவர் அவமானத்தோடு வீட்டுக்குப் போவார்.

"இல்ல. முடிச்சாச்சான்னு கேட்டாரு. முடிக்காமலே முடிச்சாச்சுன்னு நான் சொன்னேன்."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நினைத்ததுபோல எதுவும் நடக்கவில்லை. தன் தப்பைச் சொன்னால் அவர் தப்பிப்பார் என்று நம்பியிருந்தாள். ஆனால் அவரும் தன் குமிழைப் பார்க்கவில்லை. போதாததற்குப் பொய்யும் எழுதிக்கொடுத்திருந்தார். அவள் சொன்ன உண்மை அந்தப் பொய்யை அம்பலத்தில் ஏற்றிவிட்டது. ஓய்வு பெறும் நாள்வரை அவரைப் பறக்க விடவில்லை. அவளைப் பல மாதங்கள் தரையில் இறக்கி, மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அவருடைய வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த மனைவி, "உள்ள வாம்மா, அவரு செடிக்குத் தண்ணி ஊத்துறாரு. செடிய முழுகடிக்கறாருன்னுதான் சொல்லணும்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லாதது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பெரியவர் குழாயை நிறுத்தவில்லை.

"மன்னிச்சிருங்க சார்."

"நீ சொன்னது சரி. எனக்குக் கோபம் இருக்கறதும் நெஜம். ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்." குழாயை அடுத்த செடிக்கு நகர்த்திக்கொண்டே, "பயிற்சிக்கு வர்ற புதுப் பசங்ககிட்ட இதச் சொல்லு. என் பொய்யையும் சேத்துச் சொல்லு. என்னத் தியாகி ஆக்கிடாத" என்றார்.

அவள் இப்போது மறுபடி பறக்கிறாள். பயிற்சிப் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் இதை முழுவதும் சொல்கிறாள். சொல்லிவிட்டு வந்த நாளில் சரியாகச் சாப்பிடுவதில்லை.

அவளால் ஒரு வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் சொல்ல முடியும். இதைப் படித்த நீங்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். மருந்து கொடுப்பவர், மின்கம்பம் ஏறுபவர், பள்ளி வேன் ஓட்டுபவர் என்று யாராக இருந்தாலும் சரி. சொல்லும்போது அவளை நல்லவளாக்கச் சுருக்கிவிடாதீர்கள்; நடந்தபடியே சொல்லுங்கள்.