நிலக்கோட்டைக்காரரும் என் வீட்டுக்காரரும்

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ, ஒரு மே மாதம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் விடிந்தும் விடியாமலும் நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஒருவரிடம் நேரில் போய், என் வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள் என்று கேட்பதற்காகத்தான் அந்தப் பயணம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வேறு மாதிரி நினைத்துப் பதறியிருப்பார். நான் கேட்கப் போனதோ மீசை வைத்த, ஆறடி உயர ஆண்பிள்ளையிடம்.

என் கணவர் டென்னிஸ் ஆட்டக்காரர். முழங்கால் தகராறு செய்ததால் ஒற்றையர் ஆட்டத்தைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டு, இரட்டையர் ஆட்டம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார். எங்கள் சொந்தத்தில் இது யாருக்கும் புரியாது. "அது சரி மாப்ளே, வேலை என்ன பாக்குறீக?" என்று என் பெரியப்பா ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மறக்காமல் கேட்பார். வருடத்தில் பாதி நாள் வெளியூர், அதில் பாதி வெளிநாடு. ஜெயித்தால் பேப்பரில் கடைசி வரியாக வரும், அதிலும் பெயரில் எழுத்துப் பிழை இருக்கும். வீடு ஓடியது என் டீச்சர் வேலையில். இதற்கெல்லாம் நான் முகம் சுளித்ததே இல்லை. என் வயிற்றெரிச்சல் முழுக்க அவருடைய ஜோடி மேல்தான்.

இரட்டையர் ஆட்டத்தில் கூட ஆடுகிறவரை ஜோடி என்றுதான் அவர் சொல்வார். அந்த வார்த்தையே எனக்கு ஆகாது. ஜோடி நிலக்கோட்டைக்காரர். பூ மண்டி வைத்திருக்கும் குடும்பம். இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒன்றாக ஆடியவர்கள், ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

கல்யாணமான புதிதில் மதுரையில் ஒரு போட்டிக்கு என்னைக் கூட்டிப்போனார். வலைக்குப் பக்கத்தில் நிற்கிற நிலக்கோட்டைக்காரர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விரலால் ஏதோ ஜாடை காட்டுவார். பின்னால் பந்து போடத் தயாராக நிற்கும் என் கணவர் அதைப் பார்த்துத் தலையாட்டுவார். அடுத்த நொடி இருவரும் பேசி வைத்த மாதிரி இடம் மாறுவார்கள். நான் வீட்டில் மூன்று தடவை வாய்விட்டுக் கூப்பிட்டாலும் திரும்பாத மனிதர் அவர்! முக்கியமான கட்டத்தில் என் கணவர் பந்து போடக் கிடைக்கிற இரண்டு வாய்ப்பிலும் வலையிலேயே அடித்துப் புள்ளியைக் கோட்டைவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நிலக்கோட்டைக்காரர் நிதானமாக நடந்து வந்து, உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் அப்படித் தட்டிக்கொள்வது அவர்கள் வழக்கமாம். என் கணவர் முகம் உடனே தெளிந்துவிட்டது. அந்தத் தெளிச்சியைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் மகள் பிறந்தபோது. இருவரும் தாஷ்கண்டில் இருந்தார்கள். என் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு எதிரே எஸ்.டி.டி. பூத்தில் காத்துக் கிடந்து லைன் பிடித்தால், போனை எடுத்தது நிலக்கோட்டைக்காரர். செலவு குறையட்டும் என்று எப்போதும் ஒரே அறையில்தான் தங்குவார்கள். என் கணவர் குளித்துக்கொண்டிருந்தாராம். ஆக, என் பிள்ளை பிறந்த சேதி அவள் அப்பாவுக்கு முன்னால் அந்த மனிதருக்குத் தெரிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்த கணவர், "ரெண்டு பேரும் நல்லாருக்கீகளா? சரி, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். பெண் குழந்தை என்பதால்தான் அந்தக் குரல் அப்படிச் சப்பென்று இருந்தது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஊர் திரும்பி மகளைத் தூக்கிக் கொஞ்சியபோதும், எனக்காகத்தான் கொஞ்சுகிறார் என்று பட்டது. கேட்கவும் இல்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? நாலு வருடம் அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் நிலக்கோட்டைக்காரருக்குத் தோள்பட்டை போய்விட்டது. ஆபரேஷன் செய்தார்கள். என் கணவர் வீட்டில் சும்மா உட்கார்ந்தார். அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஓர் ஆட்டக்காரர் போன் செய்து, என்னோடு ஆட வருகிறீர்களா என்று கேட்டார். தரவரிசையில் இவர்களைவிட எவ்வளவோ மேலே இருப்பவர். இரட்டையர் ஆட்டத்தில் இரண்டு பேருடைய தரவரிசையையும் கூட்டிப் பார்த்துத்தான் போட்டியில் சேர்ப்பார்கள் என்பதால், அவரோடு சேர்ந்தால் இத்தனை வருடம் வாசலில் நின்று பார்த்த பெரிய போட்டிகளுக்குள் என் கணவரும் நுழையலாம். வயது முப்பதைத் தொட்டிருந்தது. இதை விட்டால் இன்னொன்று வராது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

என் கணவர் பதில் சொல்லவில்லை. தோளைக் கட்டிக்கொண்டு கிடக்கிறவனிடம் இதை எப்படிக் கேட்பது என்பார். கேட்காமல் போக முடியாதா என்றால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். சனிக்கிழமை காலை நானே கிளம்பிவிட்டேன். என் கணவரின் வாழ்க்கை அந்த மனிதரின் வாயில் இருக்கிறதே என்ற ஆத்திரம் பஸ்ஸில் என்னைவிட முன்னால் போய்க்கொண்டிருந்தது.

மண்டியில் அவர் இல்லை, தோளுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தார். அவர் மனைவிதான் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில் இரண்டு மூன்று தடவை பார்த்துச் சிரித்திருக்கிறோம், பேசியதில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்றபடி, மல்லிகை மூட்டைகளை வேனில் ஏற்றுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். "ஏலே, ஈரச் சாக்கப் போட்டு மூடுங்கடா, மதுரை போறதுக்குள்ள வெந்துரும்." என்னைப் பார்த்ததும், "வாங்க மதினி, செத்த நேரம் இருங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

வேன் கிளம்பியதும் டீ வந்தது. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. பெங்களூர் விஷயத்தை அப்படியே சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லி என் கணவரை விட்டுவிட வேண்டும் என்றேன்.

அந்தம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்க இப்பத்தான் கேக்குறீக. நான் கல்யாணம் ஆனதுலருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். உங்க வீட்டுக்காரர விட்டுட்டு மண்டியப் பாருங்கன்னு. கேட்டாத்தானே? உங்க வீட்டுக்காரர் பேர எடுத்தாலே எனக்கு ஆகாது மதினி, தப்பா நெனைச்சுக்காதீக."

நான் திகைத்துப் போனேன். என் வீட்டுக்காரர் மேல் பொறாமையா? எதற்கு? கேட்டேன். ஒவ்வொன்றாகக் கொட்டினார். எல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான், ஆளை மட்டும் மாற்றிப் போட்ட மாதிரி இருந்தது. கடைசியாக மாமனார் சாவைச் சொன்னார். வெளியூரில் ஆடிக்கொண்டிருந்த கணவர் சேதி கேட்டு வந்தார், கொள்ளி வைத்தார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அம்புட்டுச் சனமும் கல்லு நெஞ்சுன்னுச்சு. எனக்கே பயமாப் போச்சு. இந்த மனுசன் நான் செத்தாலும் இப்படித்தான் நிப்பாரோன்னு."

எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. சொல்லலாமா என்று யோசித்தேன், அதற்குள் வாய் சொல்லிவிட்டது. அன்றைக்குச் சென்னையிலிருந்து ரயிலில் இருவரும்தான் வந்தார்கள். தாம்பரம் தாண்டியதிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் அவர் என் கணவர் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதிருக்கிறார். வீட்டுக்கு வந்த என் கணவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று அதை மட்டும் சொன்னார். அந்தச் சட்டையைத் துவைத்தது நான்.

அந்தம்மா தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. "அழுதாகளா..." என்றார். அப்புறம் கோபமும் வந்தது. "அத எங்கிட்ட அழுதா என்னவாம்?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டவர் திடீரென்று சிரித்தார். "அது கெடக்கட்டும். உங்க மக பொறந்த அன்னைக்கு நடந்த கூத்து உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியாது என்றேன். சொன்னார். குளித்துவிட்டு வந்த என் கணவரிடம் பெண் பிறந்திருக்கிறாள் என்று சொன்னதும், மனிதர் இடுப்பில் கட்டிய துண்டோடு அறையை விட்டு வெளியே ஓடியிருக்கிறார். அந்த மாடியில் இருந்த ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டி, பாஷை தெரியாத வெளிநாட்டு ஆட்டக்காரர்களிடம் எல்லாம், "எனக்கு மக பொறந்திருக்கா, மக!" என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறார். பிடிக்கப் போன நிலக்கோட்டைக்காரருக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவி வருகிற வரைக்கும் அந்தக் குளிரில் இருவரும் வராந்தாவில் நின்றார்களாம், ஒருவர் துண்டோடு. "பொம்பளப் புள்ளதான் வேணும்னு மாசக்கணக்கா நேந்துக்கிட்டு இருந்தாராமே, உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூ மண்டி என்றும் பார்க்காமல் நான் விம்மி அழுதேன். நாலு வருடம் தூக்கிச் சுமந்த பாரம் அந்த ஸ்டூலில் இறங்கியது. கூடவே, அந்த முகத்தைப் பார்த்தது நான் இல்லையே, வேறொருவர் பார்த்துவிட்டாரே என்ற எரிச்சலும் இருந்தது. அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நான் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்போது நிலக்கோட்டைக்காரர் வந்தார். கை, கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. அழுத இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு, வந்த காரியத்தை நான் சொல்லும் முன்னாலேயே கேட்டார். "பெங்களூர்ப் பையன் போன் பண்ணானா தங்கச்சி? மாப்ள என்ன சொன்னான்?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"நாந்தானே அவனுக்கு போன் போட்டுச் சொன்னேன். என் தோளு இனி அம்புட்டுத்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாப்ள கையி சும்மா இருக்கக் கூடாதுல்ல? நான் சொன்னேன்னு மட்டும் தெரியவேணாம். ரோசக்காரன், போக மாட்டான்."

வெயில் ஏறிய பஸ்ஸில் திரும்பி வந்தேன். நான் சண்டை போட்டு வாங்கப் போன பொருளை, அவர் கேட்காமலே கொடுத்து முடித்திருந்தார். விட்டுக்கொடுப்பதிலும் அந்த மனிதர் என்னை முந்திக்கொண்டாரே என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது. என்ன செய்ய, என் புத்தி அப்படி.

வீட்டுக்கு வந்தபோது கணவர் மகளை அழைத்து வந்து, சின்ன மட்டையைக் கொடுத்துச் சுவரில் பந்து அடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நிலக்கோட்டைக்குப் போய் வந்ததைச் சொல்லி, உங்கள் ஜோடிக்குச் சம்மதம், பெங்களூருக்குப் பதில் சொல்லுங்கள் என்றேன். போன் போட்ட கதையைச் சொல்லவில்லை. அவர் குனிந்து, மகள் தவறவிட்ட பந்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நான் அடுப்படிக்குப் போகத் திரும்பியவள், நின்று கேட்டேன். "துண்டோடயா ஓடுனீக?"

மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! காது வரைக்கும் சிவந்துவிட்டது. "அந்தப் பய சொல்லிட்டானா?" என்றவர், மகளைத் தூக்கி அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த முகத்தை அன்றைக்கு நான் பார்த்தேன்.

பெங்களூர்க்காரரோடு மூன்று வருடம் ஆடினார். பெரிய போட்டிகளின் வாசலைத் தாண்டி உள்ளே போனார், கோப்பை என்று எதுவும் கொண்டு வரவில்லை. முழங்கால் முடியாது என்றபோது நிம்மதியாக நிறுத்தினார். இப்போது சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் திண்டுக்கல்லில் ஒரு மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் பந்தைத் தவற விட்டாலும் கையைத் தட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும், நானும் பூ மண்டி மதினியும் போனில் பிடித்துக்கொள்வோம். உங்கள் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரிடம் என்ன சொன்னாராம் என்றுதான் இரண்டு பேரும் முதலில் கேட்போம்.

என் கணவரின் சந்தோஷத்தில் ஒரு பங்கு எப்போதும் நிலக்கோட்டை வழியாகச் சுற்றித்தான் எனக்கு வந்து சேரும். அதில் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் அந்த வழியாகவாவது வந்து சேர்கிறதே என்று கர்த்தருக்கு நன்றி சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.