வீட்டுக் கணினியில் ஒளிந்திருந்தவர்கள்

கணினி பழுதுபார்க்கும் தொழிலில் வாடிக்கையாளர் சொல்லும் முதல் வாக்கியத்தை நாங்கள் குறித்துக்கொள்வதில்லை, அது எப்போதும் ஒன்றுதான்: "நான் ஒண்ணும் பண்ணலை, அதுவா இப்படி ஆயிருச்சு."

உங்கள் வீட்டிலும் ஒரு கணினி இருக்கும். அதுவும் ஒருநாள் காரணமில்லாமல் மந்தமாகியிருக்கும், நீங்கள் கேட்காத பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கும். நீங்களும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.

நான் வளர்ந்தது மூணாறு பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். மூணாறு பஜாரில் ஒரு கடையில் நான்கு வருடம் வேலை பழகினேன். கல்யாணமாகி மலையிறங்கிப் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்கு வந்தபின் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டேன். பழுது என்று என்னிடம் வருவதில் நிறைய, உண்மையில் பழுதே அல்ல. நமக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டு, நாம் தட்டுவதையும் பார்ப்பதையும் வேறொருவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் உளவு மென்பொருள். அப்படி வந்தவர்களில் சிலரை இங்கே சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இலவசமாக வந்த ஐந்து

இது நான் மூணாறு கடையில் இருந்த காலம். மாட்டுப்பட்டி போகும் வழியில் செல்வராஜும் அவர் மனைவி மேரியும் ஒரு ஹோம்ஸ்டே நடத்திவந்தார்கள். வெளிநாட்டு விருந்தினர்கள் வருவார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து வைப்பதும், அறை முன்பதிவும் எல்லாம் ஒரே கணினியில். எதைத் தேடினாலும் வேறெங்கோ போய் நிற்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பிரவுசரைத் திறந்தேன். மேலே ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து டூல்பார்கள், அதாவது கூடுதல் பொத்தான் பட்டைகள். பக்கத்தைப் படிக்க உள்ளங்கை அகலத்துக்குத்தான் இடம் மிச்சம்.

படங்களை பிடிஎஃப் ஆக்க ஒரு இலவச மென்பொருளை எங்கிருந்தோ இறக்கியிருக்கிறார் செல்வராஜ். நிறுவும்போது வந்த ஒவ்வொரு கட்டத்திலும் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. அவர் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று போய்விட்டார். "ஓசியில தாரான், வேண்டாம்னா சொல்லுவாக?" என்றார். அந்த ஐந்தில் ஒன்று, படிவங்களில் தட்டுவதையெல்லாம் எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. முன்பதிவுத் தளத்தின் கடவுச்சொல்லும் அதில் அடக்கம். எல்லாவற்றையும் நீக்கினேன். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாமல் மேரியின் போனிலிருந்து மாற்ற வைத்தேன். பாஸ்போர்ட் நகல்களைத் தனி டிரைவில் பூட்டி வைத்தோம். மென்பொருள் வேண்டுமானால் அதைச் செய்தவர்களின் தளத்திலிருந்தே எடுங்கள், டிக்குகளைப் படித்துவிட்டு எடுங்கள் என்றேன்.

மேரி கணவரைப் பார்த்துக் கேட்டார்: "ஏங்க, வெளிநாட்டுக்காரவுக வந்தா பாஸ்போர்ட்டைக் காட்டு, விசாவைக் காட்டுன்னு வாசல்லயே நிறுத்தி வைக்கீக. இதுக அஞ்சையும் எதைப் பாத்து உள்ள விட்டீக?"

கல்பாத்தியில் ஒரு கணக்குப் பரீட்சை

விசாலம் டீச்சர் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். கல்பாத்தியில் தனியாக இருக்கிறார், மகன் கனடாவில். ஒருநாள் காலை ஏதோ பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஒலித்திருக்கிறது. உங்கள் கணினியில் வைரஸ், அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்தது. கூப்பிட்டார். நல்ல ஆங்கிலத்தில் ஒருவன் பேசினான். அவன் சொன்ன ஒரு நிரலை நிறுவினார். உடனே மவுஸ் தானாக நகர ஆரம்பித்தது.

கணினிக்குள் ஒரு பதிவேடு உண்டு. உள்ளே நடக்கும் சின்னச் சின்னத் தடங்கல்களையெல்லாம் அது சிவப்பும் மஞ்சளுமாகக் குறித்துவைக்கும். நல்ல கணினியிலும் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். அவன் அதைத் திறந்து, "பாருங்கள் மேடம், இத்தனை வைரஸ்" என்றிருக்கிறான். டீச்சர் விடவில்லை. இது எத்தனை நாளைய கணக்கு, நாளொன்றுக்கு எத்தனை, பழுதில்லாத கணினியில் எத்தனை இருக்கும், அது தெரியாமல் இது அதிகம் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அவன் வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னான். முதலில் பதிலைச் சொல் என்றார் டீச்சர். அவன் திட்டிவிட்டு வைத்துவிட்டான்.

அவன் போய்விட்டாலும் அவன் நிறுவிய நிரல் போகவில்லை. கணினியைப் போடும்போதெல்லாம் அதுவும் விழித்துக்கொண்டு, அவன் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரும்படி காத்திருந்தது. நெட்டைத் துண்டித்து, முக்கியமானவற்றை எடுத்துவைத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். கடவுச்சொற்களைப் போனில் மாற்றினோம், வங்கிக்கும் சொன்னோம். அப்படிச் சத்தம் போடும் பக்கத்தை மூடினால் போதும், முடியாவிட்டால் கணினியையே அணைத்துவிடலாம், உண்மையான எச்சரிக்கை எதுவும் போன் நம்பர் தராது என்று விளக்கினேன். டீச்சர் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "பதில் தெரியாத ஸ்கூல் குட்டி, கிளாஸை விட்டு ஓடற மாதிரி ஓடிட்டான், கேட்டியா. ஆனா ஒண்ணு சொல்லணும், ஒரு மணி நேரம் பொறுமையாப் பேசினான். எம் பிள்ளை அஞ்சு நிமிஷம் தாண்டமாட்டான்."

சரசு சொன்னதாகச் சொன்ன விலை

முதலமடையில் பழனிச்சாமி மாங்காய் வியாபாரி. வடக்கே இருக்கும் வியாபாரிகளுக்கு அன்றைய விலையைக் காலையில் மின்னஞ்சலில் அனுப்புவார். ஒரு சீசனில், அவர் அனுப்பும் முன்பே பக்கத்து மாங்காய் ஷெட்காரர் கொஞ்சம் குறைத்து ஒரு விலையை அனுப்பிவிடுவது வழக்கமானது. லோடு லோடாகக் கைமாறிப் போயிற்று. விலை தெரிந்தவர்கள் இரண்டே பேர்: பழனிச்சாமியும், பதினோரு வருடமாக அவரிடம் எழுத்து வேலை பார்த்த சரசுவும். அவர் சரசுவை வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அதோடு விடாமல், "வெலையை வெளியில சொல்லிப்போட்டாளுங்க" என்று டீக்கடையிலும் சொல்லிவிட்டார். சரசு போய் ஒரு வாரம் ஆனது. விலை அப்போதும் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. அதன்பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

பில் போடும் மென்பொருள் காசு கொடுக்காமல் பூட்டுடைத்த திருட்டு நகல். பல ஷெட்டுகளுக்குக் கணினி வேலை பார்க்கும் ஒருவர் இலவசமாகப் போட்டுக்கொடுத்தது. அதனோடு கூடவே, திரையை வெளியிலிருந்து அப்படியே பார்க்க உதவும் இன்னொரு நிரலும் இருந்தது. கண்ணில் படாதபடி மறைத்து, கடவுச்சொல் வைத்து, யாரோ கையால் அமைத்தது. அது தற்செயலாக வந்ததல்ல. "இத இப்பவே அழிச்சுப் போடுங்க" என்றார் பழனிச்சாமி. வேண்டாம், புகார் கொடுக்க இதுதான் சாட்சி என்று சொல்லி, நெட்டைப் பிடுங்கிவிட்டு, எல்லாவற்றையும் படமெடுத்துக் கொடுத்தேன். சைபர் போலீசில் எழுதிக்கொடுத்தார். யார் செய்தது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. பழனிச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏனுங்க, அப்ப சரசு?" என்றார். "சரசு இல்லீங்க" என்றேன்.

விவரம் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் அவள் வீட்டுக்கு அழைத்துப்போனார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன். சரசு தையல் மிஷினில் இருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. "நாளைக்கே வந்துரு சரசு, கம்ப்யூட்டரை முச்சூடும் கழுவியாச்சு" என்றார் அவர். அவள் மறுநாள் வரவில்லை. ஷெட்டிலும் டீக்கடையிலும் எல்லோர் முன்னாலும் அவர் தன் தவறைச் சொன்ன பிறகே, பத்து நாள் கழித்து வந்தாள். அதைச் சொல்ல வைத்தது, அன்று அவள் தையலை நிறுத்தாமலேயே கேட்ட கேள்விதான்: "கம்ப்யூட்டரைக் கழுவுனது சரிங்க. என்னைப் பத்தி ஊருக்குள்ள சொன்னதை எதுலீங்க கழுவுவீங்க?"

என் கடையில் பிடித்த சளி

இதை மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு கல்யாண ஆல்பத்துக்காக யாரோ தந்த பென் டிரைவை, சோதிக்காமல் என் கடைக் கணினியிலேயே செருகிவிட்டேன். கூட்டமாக இருந்தது, அவசரம். அதிலிருந்த உளவு மென்பொருள் ஒன்று என் கணினிக்குள் குடியேறி, அதன்பின் நான் செருகிய எல்லா டிரைவிலும் ஏறிக்கொண்டது. நான் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் வந்துபோனவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்காகப் போன் செய்து, "என் கடையிலிருந்து உங்களுக்கு வந்திருக்கலாம், கொண்டுவாருங்கள், இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறேன்" என்று சொன்னேன்.

யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கோவிந்தாபுரத்திலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியர் மட்டும் லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, ஆசுபத்திரிக்குப் போனாச் சளி புடிக்கும்னு தெரியுமுங்க. உங்க கடைக்கு வந்தாலுமுங்களா?"

பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

வண்டித்தாவளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சுகன்யா என்று வைத்துக்கொள்வோம். கல்யாணமாகி மூன்று வருடம், கணவர் வளைகுடாவில். வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள். லேப்டாப் சூடாகிறது என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் அம்மாவுக்கு எழுதுனதக்கூட அவரு போன்ல சொல்றாருங்க" என்றாள். பார்த்தேன். குடும்பப் பாதுகாப்பு என்ற பெயரில் விற்கப்படும் ஒரு நிரல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்து, கணவரின் முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைப் பரிசாகக் கொடுத்தபோதே போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இந்த மாதிரி நேரத்தில் நான் உடனே நீக்குவதில்லை. நீக்கினால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஆபத்து உண்டா என்பது வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். "அவர் அடிப்பாரா?" என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றாள். புகார் கொடுப்பதானால் அப்படியே வைத்திருக்கலாம் என்றும் சொன்னேன். அவள் சாட்சிக்குத் தன் போனில் படமெடுத்து, கூடப்பிறந்த அக்காவுக்கு அனுப்பிவைத்தாள். பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பெரிய எழுத்தில் கணவருக்கு ஒரு கடிதம் தட்டினாள். நான் படிக்கவில்லை, டீ வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் தாண்டி அடுத்த படம் போனதும், "இப்ப எடுத்துருங்கக்கா" என்றாள். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அவள் மட்டும் அறிந்த கடவுச்சொல் வைத்து, மின்னஞ்சலுக்கு, கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டும் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து சார்ஜர் வாங்க வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். முதல் நாள் கத்தினாராம், மூன்று நாள் பேசவில்லையாம், பிறகு அவராகவே கூப்பிட்டு, செய்தது தப்பு என்றாராம். அதை நம்புவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள். சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆனா அக்கா, நான் எழுதுன ஒண்ண அவரு மொதல்லருந்து கடைசி வரைக்கும் படிச்சது இதாங்க மொதத் தடவை."

இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வீட்டுக் கணினிக்குள் ஒளிந்திருந்த எவரும் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை, எல்லோருக்கும் யாரோ ஒருவர், பெரும்பாலும் மிகுந்த நம்பிக்கையோடு, 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தித்தான் இருக்கிறார்.