அத்தானும் சிரித்தார்

வெட்டாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதும் வாயில் கள் புளித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் துணிப்பை, மற்றதில் வார் அறுந்த செருப்பு. அக்கா வீட்டை விட்டு நான் கிளம்புவது புதிதல்ல. போ என்று அவள் சொன்னது அன்றுதான்.

அன்று காலை ஊரில் குத்தகைப் பதிவு விசாரணை. அத்தான் பல வருஷமாகச் சாகுபடி செய்துவந்த ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். சொந்த உழைப்பில் பயிர் செய்கிறவர் என்று பேர் ஏறிவிட்டால் நிலக்காரரால் லேசில் வெளியேற்ற முடியாது. அத்தானே ஏர் பிடிக்கிறார் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அது நான். ஐந்தாவதோடு நின்றவன், அதிகாரி முன்னால் வாய் திறக்கப் பயம். மதுவிலக்கை எடுத்துக் கள்ளுக்கடை திறந்த புதிது. தைரியத்துக்கு ஒரு மொந்தை என்று போய் மூன்று குடித்தேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டிருந்தார்கள்.

“சொல்லுய்யா, இவரே ஏர் புடிச்சு உழுவாரா?”

அத்தானைக் கேலி செய்வது எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு நடப்பது. கள் அதை எடுத்துக் கொடுத்தது.

“அத்தானா? அவரு ஏரத் தொட்டா மாடு சிரிக்குங்க. வரப்புல உக்காந்து வெத்தல போடத்தான் லாயக்கு. உழுறதெல்லாம் நாந்தான்!”

வருஷத்தில் பத்து நாள்கூட அங்கே தங்காதவன் நான். கூட்டம் சிரித்தது. பழக்கதோஷத்தில் அத்தானும் சிரித்தார்.

“சொந்த உழைப்பு இல்லை” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அதிகாரி எழுதினார். எனக்குப் போதை தெளிந்துவிட்டது.

“ஐயா, அது கேலிக்குச் சொன்னதுங்க. அத்தான்தான் உழுவாரு.”

“குடிச்சிட்டு வந்து மாத்திப் பேசுறியா? கையெழுத்தப் போட்டுட்டு ஓரமா நில்லு.”

முதலில் சொன்னபோது அடிக்காத வாடை, திருத்தியபோது அவருக்கு அடித்தது. கையெழுத்துப் போட்டேன்.

அத்தான் காய்த்துப்போன உள்ளங்கைகளை விரித்து மேஜைக்கு மேலே நீட்டினார். “இதப் பாருங்க சார்” என்றார். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நீட்டிய கைகளை எப்போது எடுப்பது என்று அத்தானுக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் அக்கா பையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“போயிடு தம்பி. அவரு கண்ணுல படாத.”

மறுநாள் காலை நீடாமங்கலத்தில் ஒரு ரைஸ்மில் வாசலில் நின்றேன்.

“வயலும் இருக்கு நமக்கு. ஏர் ஓட்டுவியா?” என்றார் முதலாளி.

“தெரியாதுங்க.”

அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் கிளறிவிடும் வேலையைக் கொடுத்தார்.