வண்டிக்குக் கேட்காத தூரம்

எங்கள் பக்கத்து லாரி டிரைவர்கள் வண்டியின் முன்னால் நின்று வண்டியைக் குறை சொல்ல மாட்டார்கள். பிரேக் சரியில்லை, டயர் தேய்ந்துவிட்டது என்பதெல்லாம் அதன் காதில் விழுந்தால், கோபித்துக்கொண்டு வழியில் தன் வேலையைக் காட்டிவிடும் என்று நினைப்பு. என் மகன் டிப்ளமா படித்தவன். அவனும் அப்படித்தான். நான் பாளையங்கோட்டையில் அறிவியல் டீச்சர். முதலில் கேட்டபோது சிரித்தேன்.

அவன் ஓட்டுவது உப்பு லோடு. புன்னக்காயல் பக்கத்து உப்பளங்களில் ஏற்றி, தென்காசி வழியாக மலை ஏறி, கேரளாவில் கொண்டுபோய் இறக்குவான். என்னதான் தார்ப்பாய் விரித்தாலும் உப்புத் தண்ணீர் கசியும். பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாயை அது கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். இதை அவன் ஷெட் மேனேஜரிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். "இந்த நடை முடியட்டும்லே, பாப்போம்" என்பார் அவர். லோடு ஏற்றிப் போய் வருவதைத்தான் நடை என்பார்கள். ஒரு நடை முடிவதற்குள் அடுத்த லோடு காத்திருக்கும்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆயுத பூஜை அன்று ஷெட்டில் ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் வந்து நிற்பார். டிரைவரைப் பார்த்து, "ஏதும் குறை இருக்காலே?" என்று கேட்பார். மாலையும் சந்தனமுமாக வண்டி அங்கேயே நிற்கும்போது யார் வாய் திறப்பார்கள்? "ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி" என்பார்கள். அவர் நிறைந்த மனதோடு அடுத்த வண்டிக்குப் போவார். டிரைவர்கள் பேச்சை நீங்கள் கேட்பதில்லை என்று யாராவது சொன்னால் அவருக்கு உண்மையிலேயே வலித்திருக்கும்.

போன கோடையில், ஆரியங்காவு தாண்டிய இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கம் மலைச்சுவரில் வண்டியை உரசவிட்டே நிறுத்தியிருக்கிறான். இடது கை முறிந்தது. நான் அப்போது வகுப்பில் இருந்தேன். போனில் யாரோ மலையாளத்தில் வேகமாகப் பேசினார். "மோன்", மகன் என்ற அந்த ஒரு சொல் மட்டும்தான் எனக்குப் புரிந்தது. இன்றும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பக்கத்தில் இருக்கிற சுவரையோ மேஜையையோ பிடித்துக்கொண்டுதான் எடுக்கிறேன்.

அதன் பிறகு வந்த வாரங்களைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. கையில் கட்டோடு அவன் வீட்டில் இருந்தான். அவன் அப்பா இறந்த பின் அந்த வீட்டில் அத்தனை நாள் சேர்ந்தாற்போல் இரண்டு தட்டு வைத்ததே இல்லை. ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போட வராது. நான் போட்டுவிடுவேன். மீசை வைத்த ஆளுக்குப் பொத்தான் போடும்போது இருவருமே வேறு எங்காவது பார்த்துக்கொள்வோம். நான் சொதிக்குத் தேங்காய் துருவும்போது அடுக்களை வாசலில் உட்கார்ந்து, எந்த வளைவில் எந்தச் சாயாக்கடை, எங்கே யானை குறுக்கே வரும் என்றெல்லாம் சொல்வான். போனில் "சரிம்மா" என்பதைத் தவிர ஒன்றும் பேசாத பிள்ளை.

கட்டுப் பிரித்த அன்று மெதுவாக ஆரம்பித்தேன். "எங்க ஸ்கூல் வேனுக்கு டிரைவர் தேடுதாவ."

"ஸ்கூல் வேனா? உங்க பிள்ளைகள் என் முதுகுலயே வாந்தி எடுக்கும்."

"முதுகைத் தொடச்சிக்கிடலாம்லே."

சிரித்தான். பிறகு சொன்னான்: "இந்த ஆயுத பூஜைக்கு முதலாளிகிட்ட நேர்லயே சொல்லிப் பாக்கேன். அவுக கேக்கலன்னா உங்க வேன்தான். சரியா?"

சரி என்றேன். அன்றிலிருந்து தினமும் விளக்கேற்றும்போது அந்த மனிதர் கேட்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மற்ற டிரைவர்களும் அதே மலையில்தான் இறங்குகிறார்கள், அவர்களுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்தேதான் வேண்டினேன்.

பூஜைக்குக் குடும்பங்களையும் கூப்பிடுவார்கள். நானும் போனேன். பொரிகடலைத் தட்டு ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டார்கள். முதலாளி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து என் மகன் முன்னால் நின்றார். அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வழக்கமான கேள்வி. "ஏதும் குறை இருக்காலே?"

"இருக்கு அண்ணாச்சி. இங்கன வேண்டாம். கொஞ்சம் அங்கன வாங்க."

மேனேஜர் முந்திக்கொண்டார். "என்னலே, வண்டிக்குக் காது மொளச்சிட்டா?"

அடுத்த வண்டிக்காரர் வயதானவர். நெற்றிச் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டிக்குக் காது உண்டும் வே. உமக்குத்தான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்தபடி அப்படியே அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார் என்று நினைத்தேன். நகரவில்லை. என் மகனோடு ஷெட்டைக் கடந்து, மதில் ஓரத்துத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் நடந்தார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. என் மகனின் கை குழாய்போல வளைந்து காட்டியது மட்டும் தெரிந்தது. முதலாளி தலையைக் குனிந்து நின்றார். ஏதோ கேட்டார். மறுபடி கேட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த வயதானவர் பைய அங்கே போனார். அவர் பின்னால் இன்னொருவர். பிறகு வண்டிகளின் முன்னால் பெண்களும் பிள்ளைகளும்தான் நின்றோம். டிரைவர்கள் எல்லோரும் குழாயடியில் இருந்தார்கள். முதலாளி கை தட்டி மேனேஜரைக் கூப்பிட்டார்.

மகன் திரும்பி வந்தபோது, பரிசு வாங்கிய பிள்ளைபோல அவன் முகம் இருந்தது. "கேட்டுட்டாவம்மா. உப்பு வண்டிக்கெல்லாம் குழாய் மாத்தப் போறாவ. டிரைவர் வேண்டாம்னு சொல்லிட்டா வண்டி மலை ஏறாதாம்."

"நல்லதுய்யா" என்றேன். தட்டைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

சொன்னதெல்லாம் நடந்துவிடவில்லை. பாதி வண்டிகளுக்குக் குழாய் மாற்றினார்கள். மீதிக்கு மேனேஜர் இன்னும் "பாப்போம்" என்றுதான் சொல்கிறார். ஆனால் முதலாளி இப்போது அடிக்கடி ஷெட்டுக்கு வருகிறார். வந்ததும் வண்டிகள் பக்கம் போகாமல் நேரே குழாயடிக்குப் போய் நிற்கிறாராம். டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்கிறார்கள். என் மகனின் வண்டிக்குத்தான் முதலில் மாற்றினார்கள். கிளம்பும் முன் எனக்குக் காட்டுவதற்காகவே தெருமுனைவரை ஓட்டி வந்தான். புதுக் குழாயை நான் தொட்டுப் பார்த்தேன்.

பள்ளி வேனுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். நல்ல மனிதர், நிதானமாக ஓட்டுகிறார். காலையில் அந்த வேன் கேட்டுக்குள் நுழையும்போது, டிரைவர் சீட்டை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன்.

இன்று மதியம் புளியரையிலிருந்து கூப்பிட்டான். மலை ஏறப் போகிறானாம். "எறங்கிட்டுக் கூப்பிடுதேம்மா" என்றான். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.