கடைசி பெஞ்சில் ஜெபமணி டீச்சர்

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திய ஒரு பிள்ளையின் அப்பாதான் சொன்னார். "குன்னத்தூர்ல நம்ம பெரிய டீச்சர் தவறிட்டாங்களாமுங்க. நேத்து கோயிலுக்குப் போயிட்டு வந்து படுத்தவங்க எந்திரிக்கலையாமா." கம்பெனிக்கு நேரமாகிவிட்டதென்று மகளை இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் பிள்ளைகளை அரைவட்டமாக உட்காரவைத்து அன்றைய பாடத்தை நடத்தி முடித்தேன். அழுகை வரவில்லை. எனக்கு அழ என்ன உரிமை இருக்கிறது என்று ஒரு கோபம்தான் வந்தது.

இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். நிர்வாகத்துப் பெரியவர் மைக்கைப் பிடித்து, காது கேளாத எத்தனையோ பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிய தாய் என்று ஜெபமணி டீச்சரைப் புகழ்ந்தார். அடுத்து நான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று சொன்னார்கள். கலாமணியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. டீச்சரைத் தெரிந்த உங்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டால் அந்த மனுஷியைப் பற்றி ஒன்றுமே சொன்னதாகாது.

எண்பதுகளின் நடுவில், திருப்பூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான எங்கள் பள்ளியில் நான் சேர்ந்தபோது ஜெபமணி டீச்சர்தான் மூத்தவர். முதல் நாள் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, இருவர் வாயும் கண்ணாடியில் தெரியும்படி பேசிக்காட்ட வேண்டும். காது மெஷினை மார்பில் மாட்டிக்கொள்ள, பனியன் வேஸ்ட் துணியில் அவரே பைகள் தைப்பார். சிவப்பு, மஞ்சள், கோடு போட்டது என்று கம்பெனியில் அந்த வாரம் எந்த ஆர்டர் ஓடியதோ அந்த நிறத்தில் எங்கள் பிள்ளைகளின் பைகள் இருக்கும். "இது பஸ் ஸ்டாண்டு கண்ணு. இங்கியே யாரையும் குடிவெக்கக் கூடாது. ஏத்தி அனுப்பீட்டே இருக்கோணும்" என்பார். ஒரு பிள்ளை வெளியே போனால் அன்று முழுக்க அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை இருக்கும்.

கலாமணி அவர் வகுப்பில் படித்தாள். ஒன்பது வயது. வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவிநாசிக்குப் பக்கத்தில் அவள் அப்பா தறி ஓட்டினார். அந்த வருஷ முடிவில் அவர் வந்து நின்றார். "பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்குதுங்க. ஊமப் பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளைன்னு பேராயிட்டா நாளைக்கு எவனுங்க கட்டுவான்? எங்க ஊட்டுல எல்லாருகூடவும் பேசுறாளுங்க. ஒருக்கா வந்து பாருங்க."

எங்கள் பள்ளியை விட்டு ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு ஆசிரியர்கள் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஜெபமணி டீச்சரும் நானும் போனோம். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். எட்டுத் தறிகள் ஒன்றாக ஓடுகிற இடத்தில் பேச்சு எங்கே கேட்கும்? அங்கே வேலை செய்கிற எல்லோருமே ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். கலாமணி நடுவில் நின்றுகொண்டு, அந்தக் கோடியில் அவள் அத்தை கேட்டதை இந்தக் கோடியில் அப்பாவுக்குச் சொன்னாள். அப்பா எங்களிடம் ஏதோ கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. அவள்தான் எங்கள் முகத்துக்கு நேரே வந்து, "டீ குடிக்கிறீங்களான்னு கேக்கறாங்க" என்று எடுத்துச் சொன்னாள். அந்தக் கூடத்துக்குள் செவிடாக நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு மட்டும் உறுத்தியது. இங்கே எல்லோரும் இவளுக்கு முகம் காட்டிப் பேசுகிறார்கள், சாதாரணப் பள்ளியில் யார் காட்டுவார்கள்? டீச்சர் பக்கம் திரும்பி, "வெளிய கூட்டீட்டுப் போயி, பின்னாடி நின்னு கூப்புட்டுப் பாக்கலாங்களா?" என்றேன். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்ன என்பதுபோலக் காதில் கையை வைத்தார். நான் தலையை ஆட்டி, "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் மூத்தவர், சந்தோஷமாக இருந்தார், நான் நேற்று வந்தவள் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதைவிட மட்டமானது. நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்குத்தான். மறுநாள் காகிதத்தில் அவர் முதலில் கையெழுத்திட்டார், கீழே நான் இட்டேன்.

அவள் போய்ச் சேர்ந்த பள்ளியில் ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள். வாத்தியார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவார், நடந்துகொண்டே டிக்டேஷன் சொல்வார். கலாமணிக்கு டிக்டேஷனில் முட்டை மேல் முட்டை. மக்கு என்று கடைசி பெஞ்சுக்குத் தள்ளினார்கள். பையன்கள் மெஷின் வயரைப் பிடித்து இழுத்ததால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் செய்தி எங்களுக்கு வந்தது. டீச்சர் லீவு போட்டுவிட்டுப் போய், அந்தப் பெஞ்சில் அவள் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "காத்தாலருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன் கண்ணு. அந்த வாத்தியாரு மொகத்தை ரெண்டே தடவதான் பாத்தேன். எம் புள்ளைய நானே கொண்டுபோயிக் கெணத்துல தள்ளீட்டேன்."

திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகத்திடம் கெஞ்சினார். அதற்குள் ஆண்டு மலரில் கலாமணியின் படத்தைப் போட்டு, எங்கள் பள்ளியின் சாதனை என்று எழுதிவிட்டார்கள். சாதனையைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால் நாலு பேர் என்ன கேட்பார்கள்? இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்ன அதே வாய்தான் இரங்கல் கூட்டத்தில் தாய் என்று உருகியது. நாங்கள் கைதட்டினோம்.

பத்து வயதில் கலாமணி பனியன் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டப் போனாள். "அங்க யாரும் டிக்டேசன் போடறதில்லீங்க" என்றார் அவள் அப்பா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுப் பேச்சை டீச்சர் எடுத்ததே இல்லை. எந்தப் பிள்ளையை அனுப்பும் பேச்சு வந்தாலும், "கடைசி பெஞ்சுல ஒரு நாள் உக்காந்துட்டு வந்து கையெழுத்துப் போடுங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்ததும், பையில் கண்ணாடியோடு அவிநாசி பஸ் ஏறுவார். கலாமணிக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். அவளுக்குக் கல்யாணமான பிறகும், கால் வீங்கிப் பஸ் ஏற முடியாமல் போகும்வரை போய்க்கொண்டிருந்தார். ஒரு முறைகூட என்னைக் கூப்பிட்டதில்லை. தப்பு முழுவதும் தன்னுடையது என்றே நினைத்திருந்தார். இல்லை டீச்சர், எனக்குத் தெரிந்திருந்தது என்று அவரிடம் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருஷம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவர் தனியாகவே சுமந்து தீர்த்தார்.

அடக்கத்துக்குக் கலாமணி வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. எல்லோரும் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னை மறித்து, முகத்துக்கு நேரே நின்றாள்.

"பெரிய டீச்சர் மன்னிச்சுக்க சாமின்னு எத்தன வாட்டி கேட்டாங்க. போதுங்கன்னு நாந்தான் அவங்க வாயப் பொத்துவேன்" என்றாள். அவள் பேச்சு திக்கித் திக்கித்தான் வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. "அன்னிக்குத் தறிக்குள்ள நீங்க சொன்னீங்க. வெளிய கூட்டீட்டுப் போயிப் பின்னாடி நின்னு கூப்புடலாமான்னு. பெரிய டீச்சருக்குக் கேக்கல. நான் பாத்தேன். அப்புறம் ஏனுங்க ஒண்ணுமில்லைன்னீங்க?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளிடம் செய்யக் கூடாத ஒன்று உண்டென்றால் அதுதான் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்குத் தெரியாதா?

டீச்சரின் தங்கை அந்தக் கண்ணாடியை என்னிடம் கொடுத்திருக்கிறார். கடைசி பெஞ்சில் உட்காரும் வழக்கம் எப்போதோ என்னிடம் வந்துவிட்டது. இப்போது அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் என்னிடம் வந்திருக்கிறது. இந்த வாரம் அவிநாசி பஸ் ஏறுகிறேன். கலாமணிக்கு நேரே உட்கார்ந்து, வாயை மறைக்காமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும்.